நீலிக்கு மூச்சு போதவில்லை

பிப்ரவரி 6

அன்புள்ள வாண்டு,

இங்கே நானும் வீடும் நீலியும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை இன்னும் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவுகிறாரா? பதிலை எழுது, போனில் கூப்பிடாதே. போன் விபத்துக்கும் கேஸ் சிலிண்டருக்கும் உண்டானது. உடன்பிறந்தவளுக்குக் கடிதம். கான்வென்ட்டில் மதர் நமக்கு ஓரம் விட்டு எழுதக் கற்றுத்தந்தது வீணாகப் போகக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் கார்களின் மலையேற்றப் போட்டி. போன வருஷம் பழைய கார்கள் பிரிவில் நான்காவதாக வந்தோம். மூன்று முறை முதலில் வந்த நாம் நான்காவது! அதை நான் மறந்துவிடக் கூடாதே என்று பல் டாக்டர் வாரம் தவறாமல் தன் தக்காளி நிறக் காரை நம் தெருவில் ஓட்டிக்கொண்டு வருகிறார். கண்ணாடியை இறக்கி, எல்லாப் பல்லையும் காட்டி, "என்ன மேடம், இந்த வருஷமும் வர்றீங்களா, இல்ல ரெஸ்ட்டா?" என்கிறார். அத்தனையும் அவரே கட்டிக்கொண்ட பல்.

யோசித்துப் பார்த்தேன். தப்பு நீலியிடம்தான். முப்பது வயதாகிறது, ஏற்றத்தில் மூச்சு போதவில்லை. ஆகவே அவளுக்கு ஒரு சூப்பர்சார்ஜர் மாட்டப் போகிறேன். இன்ஜினின் சொந்த பெல்ட்டே ஒரு பம்பைச் சுற்றி, காற்றை உள்ளே திணிக்குமாம். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், குதிரைத் திறன் கூடும். நாற்பது குதிரை கூடுதலாகக் கிடைத்தால் நேர்ப் பாதையில் அந்தத் தக்காளியை நசுக்கிவிடுவேன். வளைவு எப்படியோ போகட்டும். நேர்ப் பாதை எனக்கு வேண்டும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரி தங்கையாக வாய்த்திருக்கும்போது வெளியே அலைவானேன்? நல்லதாக ஒன்று பார். கூடவே முன் சக்கரத்து பிரேக் பேட் ஒரு செட் அனுப்பு.

ஓரத்தைத் தாண்டி எழுதாத
அக்கா

பிப்ரவரி 19

என் அக்காவுக்கு,

அறுபத்து நான்கு வயதில் என்னை வாண்டு என்று கூப்பிட ஒருத்தி இருக்கிறாள் என்பதே எனக்கு டானிக். முழங்கால் பரவாயில்லை, தரையில் உட்காராத வரை. இவர் படி தாவுவதை விட்டுவிட்டார். போன வாரம் கால் இடறி, கையிலிருந்த தேநீர் முழுவதும் கீழே நின்ற தபால்காரர் மேல். நான் மூக்குக்கண்ணாடி மாற்றினேன். இத்தனை நாள் கடையில் தூசியே இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், அக்கா! நீயும் ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடேன்.

சூப்பர்சார்ஜர் விஷயம். வேண்டாம். நீலியின் வாயில் பம்பை வைத்து அடித்தால் பிஸ்டன், காஸ்கெட், கிளட்ச் எல்லாம் ஒவ்வொன்றாக ராஜினாமா கொடுக்கும். அவளுக்கு இருப்பது மூக்கடைப்பு. அதை எடுத்துவிட்டால் போதும். போல்ட் முடுக்கி மாட்டுகிற சாமான்கள் இருக்கின்றன: அகலமான காற்றுக் குழாய், நல்ல ஃபில்டர், புகை தடையில்லாமல் போகிற பைப்பும் சைலன்சரும். கடைசியில் இன்ஜின் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் திருத்தினால் முடிந்தது. நாற்பது குதிரை வராது. பத்துப் பதினைந்து வரும். ஆனால் பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். சூப்பர்சார்ஜர் என்றால் மாட்டிய பிறகு அதோடு குடித்தனம் நடத்தித்தான் ஆக வேண்டும்.

இவரிடம் சொன்னேன். "உங்க அக்காவுக்குத்தான் ஏற்கெனவே ஒரு சூப்பர்சார்ஜர் இருக்கே, நாக்குல" என்றார். எழுதாதே என்றும் சொன்னார். எழுதிவிட்டேன்.

உன்னிடம் சம்மதம் கேட்டால் வருஷம் ஓடிவிடும். அதனால் குழாய், பைப், சைலன்சர் எல்லாவற்றையும் நேற்றே லாரியில் ஏற்றிவிட்டேன். பிரேக் பேடும் அதில் இருக்கிறது. ஆறு மாதத்தில் இது இரண்டாவது செட். உன் மெக்கானிக் தாடி ஒழுங்காகத்தான் மாட்டுகிறானா?

உன் பக்கத்து சீட்டுக்காரி,
வாண்டு

மார்ச் 27

அன்புள்ள வாண்டு,

உன் வீட்டில் எல்லோரும், தபால்காரர் உட்பட, நலமாக இருக்க வேண்டும். எனக்குக் குறை ஒன்றுமில்லை. என் நாக்கின் குதிரைத் திறன் பிறவியிலேயே வந்தது, போல்ட் போட்டு மாட்டியதல்ல என்று மாப்பிள்ளையிடம் சொல்.

கேட்காமல் சாமான் அனுப்புவது மரியாதை இல்லை. இருந்தாலும் மாட்டச் சொன்னேன். தாடி மூன்று நாள் காருக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தான். (தாடியை எடுத்துப் பத்து வருஷமாகிறது; பெயர் போகவில்லை.) நான்காம் நாள் காலை சாவியைத் திருப்பினேன். தெருவே எழுந்து நின்றது. பக்கத்து வீட்டு நீதிபதி கையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வெளியே வந்து, என்னைப் பார்த்து, மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "அம்மா, சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்றான் தாடி. "கொஞ்சம்தான்" என்றேன். எனக்குப் பிடித்திருந்தது. இதை உன்னிடம் ஒப்புக்கொள்வதில் எனக்கு நஷ்டமில்லை.

பிறகு காரை உருளைகள் மேல் நிறுத்தி சக்கரத்தை ஓடவிட்டுக் குதிரைத் திறனை அளக்கிறார்களே, அங்கே கொண்டுபோனோம். "புதுசா வந்தப்ப கூட நீலி இவ்வளவு குதிச்சிருக்க மாட்டாம்மா" என்றான். நீ சொன்ன பதினைந்து குதிரையும் வந்திருக்கிறது.

ஆனால் கேள். பாதையை மூடிப் பயிற்சிக்கு விடும் ஞாயிற்றுக்கிழமை மலையில் ஏறிப் பார்த்தோம். போன வருஷத்தைவிட ஒரு கடுகளவும் வேகமில்லை. பார்த்தாயா? பதினைந்து குதிரை போதாது. சூப்பர்சார்ஜர்தான் வேண்டும் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

இடது பக்கக் கண்ணாடி ஒன்று அனுப்பு. வாசல் தூண் உரசிவிட்டது. முன் விளக்குக்கு இருப்பதிலேயே பிரகாசமான பல்ப் இரண்டு. பிரேக் பேட் இன்னொரு செட்.

அக்கா

ஏப்ரல் 14

என் அக்காவுக்கு,

நாங்கள் நலம். கடையும் நலம். நீ கேட்ட சாமான் எல்லாம் எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, கட்டாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பது வருஷமாக இந்தக் கடையில் உட்காருகிறேன். வண்டியைக் கண்ணால் பார்க்க வேண்டாம். வாங்குகிற சாமானை வைத்தே ஓட்டுகிறவரைச் சொல்லிவிடுவேன். அடிக்கடி கிளட்ச் தட்டு வாங்குகிறவருக்குப் பொறுமை கிடையாது. பெரிய ஹாரன் கேட்கிறவரை வீட்டில் யாரும் பேச விடுவதில்லை. இப்போது ஒரு வாடிக்கைக்காரி வருகிறாள். பேட் மேல் பேடாக வாங்குகிறாள். இடது கண்ணாடி உடைகிறது. இருப்பதிலேயே பிரகாசமான பல்ப் வேண்டும் என்கிறாள். இன்ஜினில் பதினைந்து குதிரை ஏறியும் மலையில் நேரம் குறையவில்லை. வளைவு எப்படியோ போகட்டும், நேர்ப் பாதை வேண்டும் என்கிறாள்.

அக்கா, வளைவில் பிரேக்கைத் தொட்டால் உனக்குக் கேவலம். பத்து வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து "வலது, இடது" என்று கத்தியவள் நான், எனக்குத் தெரியாதா? இப்போது ஒவ்வொரு வளைவிலும் மிதிக்கிறாய். அங்கே விடுகிற நேரத்தை நேர்ப் பாதையில் பிடிக்கத்தான் உனக்குக் குதிரை தேவைப்படுகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏழாவது வளைவில் வெள்ளையடித்த கல் இருக்கிறதே, "கல்லைப் பார்த்ததும் திருப்பணும்" என்று எனக்கு வருஷா வருஷம் பாடம் நடத்துவாயே, அந்தக் கல் இப்போது எவ்வளவு தூரத்தில் தெரிகிறது?

இன்னொன்று. கோடு போட்ட தாளில் எழுதுகிறவர்களைப் பார்த்து மூக்கைச் சுளிப்பவள் நீ. உன் போன கடிதம் கோடு போட்ட தாளில் வந்தது.

கோபித்துக்கொள். ஆனால் பதில் எழுது.

வாண்டு

ஜூன் 25

என் அக்காவுக்கு,

நீ நலம் என்று தெரிந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன். தாடிக்குப் போன் செய்தேன். போன் விபத்துக்குத்தான், இரண்டு மாதமாக நீ எழுதாததை நான் விபத்தில் சேர்த்துவிட்டேன். "அம்மா நல்லா இருக்காங்கக்கா. கோபமா இருக்காங்க" என்றான். எனக்கு உயிர் வந்தது. கோபமாக இருந்தால் நீ நன்றாகத்தான் இருக்கிறாய்.

சரி, நீ ஜெயித்தாய். சூப்பர்சார்ஜர் வருகிறது. பின்னால் இடிபட்டு நொறுங்கிப்போன ஒரு காரிலிருந்து கழற்றியது. முன்பக்கம் அடிபடவில்லை, சாமான் புதிது போல இருக்கிறது. இவர் துடைத்துத் துடைத்து, போர்வையில் சுற்றி, குழந்தையை வழியனுப்புவது போல லாரியில் ஏற்றினார்.

ஒரே ஒரு நிபந்தனை. அதன் வயிற்றுப் பக்கம் கட்டை விரல் அகலத்தில் ஒரு தகடு இருக்கும். அதில் ஓர் எண் பொடிப்பொடியாகப் பொறித்திருக்கும். நான் குறித்துக்கொள்ள மறந்துவிட்டேன். (நான் மறப்பேனா என்று யோசிக்காதே.) அந்த எண்ணைப் பார்த்து எழுது. தாடி படிக்கக் கூடாது, பக்கத்து வீட்டு நீதிபதியும் படிக்கக் கூடாது. நீயே படிக்க வேண்டும்.

பொய் எழுதமாட்டாய் என்று தெரியும். உனக்குப் பொய் வராது. சொல்லாமல் விடுவதுதான் வரும்.

காத்திருக்கும்
வாண்டு

ஜூலை 10

அன்புள்ள வாண்டு,

பெட்டி பத்திரமாக வந்தது. மாப்பிள்ளைக்கு என் நன்றி. போர்வையைத் துவைத்து வைத்திருக்கிறேன். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

சாமானைச் சாப்பாட்டு மேஜை மேல் வைக்கச் சொன்னேன். நல்ல கனம். இருவர் தூக்கி வைத்தார்கள். மேலே விலா எலும்பு போல வரிவரியாக ஓடுகிறது. தொட்டால் குளிர்ச்சி. முன்னால் இருக்கும் சக்கரத்தை ஒரு விரலால் சுழற்றினால் உள்ளே இரண்டு உருளைகளும் ஒன்றையொன்று உரசாமல் சுற்றுவது கேட்கிறது. பட்டுத் துணியைக் கிழிப்பது போல, ஆனால் மெதுவாக. எண்ணெய் வாசனை சுத்தமாக இருக்கிறது. கருகிய நாற்றம் கொஞ்சமும் இல்லை. இதை வைத்திருந்தவர் பொறுப்பானவர். நீ நல்ல சாமானாகத்தான் பார்த்திருக்கிறாய்.

தாடி வந்து பார்த்தான். இன்னும் பெரிய பெட்ரோல் பம்ப் வேண்டும், காற்றைக் குளிர வைக்க முன்னால் ஒரு பெட்டி வேண்டும், காஸ்கெட்டை மாற்ற வேண்டும் என்று அடுக்கினான். "ஏம்மா, இவ்வளவு தேவையா?" என்றான். "தேவையா இல்லையான்னு நான் சொல்றேன். நீ முடுக்குறதை முடுக்கு" என்றேன். அவன் தலையை ஆட்டியிருப்பான்.

பல் டாக்டர் நேற்றும் வந்தார்.

அக்கா

ஜூலை 17

அக்கா,

எல்லோரும் நலம்.

எண்?

வாண்டு

ஆகஸ்ட் 9

அன்புள்ள வாண்டு,

நலம் விசாரிப்பதற்கு நீ எடுத்துக்கொண்ட இரண்டு சொல்லும் போதுமானவை. நானும் சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன்.

எண் தெரியவில்லை. அது தகடு என்பதே கட்டை விரலால் தடவித்தான் தெரிந்தது. உன் கடிதங்களை உச்சி வெயிலில் மாடியில் நின்று பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறேன். மேகம் வந்தால் மீதியை மறுநாள் படிக்கிறேன். வெள்ளைக் கல்லைப் போன வருஷமே நான் பார்க்கவில்லை. அது எங்கே இருக்கும் என்று தெரியும், அவ்வளவுதான். தெரிந்திருந்தாலும் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடுகிறது. காலுக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது.

பயப்படாதே. வாசல் தூணில் உரசிய அன்றே தெருவில் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். யாருடைய பிள்ளை மேலும் ஏற்ற எனக்கு உரிமை இல்லை. அந்த ஞாயிறு மலையில் ஓட்டியதும் தப்புதான். அதற்குப் பிறகு தாடிதான் ஓட்டுகிறான். கடைத்தெருவில் பின் சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்து போகிறேன். எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பாய். போனால் ஓட்டாதே என்பார். போகாவிட்டால் சொல்ல மாட்டார். மதரிடம் படித்தவளுக்கு இவ்வளவுதான் புத்தி. உன் அத்தான் போனபின் இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்பது நீலி ஒருத்திதான். அவளையும் கொடுத்துவிட்டு நான் என்ன செய்ய?

உன் ஒற்றைச் சொல் கடிதம் வந்த மறுநாள் போனேன். சின்னப் பெண்தான் டாக்டர். "கண்புரைம்மா. ரெண்டு கண்ணுலயும். எடுத்துட்டா பளிச்னு தெரியும். இதுக்கா இவ்வளவு நாள் பயந்தீங்க?" என்று சிரிக்கிறாள். நவம்பரில்தான் தேதி கிடைத்தது. அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதாம்.

ஆகவே இந்த வருஷம் போட்டியில் நாம் இல்லை. சூப்பர்சார்ஜரை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. பல் டாக்டருக்கு மட்டும் வேண்டாம்.

அக்கா

ஆகஸ்ட் 18

என் அருமை அக்காவுக்கு,

மேகம் இல்லாத நாளாகப் பார்த்து இதைப் படி. உனக்காக எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். தாள் தீர்ந்தால் இவரை அனுப்பி வாங்கிக்கொள்வேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அப்புறம் சிரித்தேன். அப்புறம் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். ஓட்டுகிறவர் என்ற இடத்தில் என் பெயர். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறவர் என்ற இடத்தில் உன் பெயர். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாதாம். நல்லதுதான்.

நீ சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டாய். நானும் ஒன்று விட்டுவைத்திருக்கிறேன். பத்து வருஷமாக அந்த இடது சீட்டில் உட்கார்ந்து உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட "நீ ஓட்டிப் பாரேன்" என்று நீ சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாயோ என்று பயம். கொடுத்தால் உன் முகம் வாடுமே என்று இன்னொரு பயம். ஊரில் தினமும் டெலிவரி வண்டி ஓட்டுகிறேன். அந்த மலையில் ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

உனக்குக் கண் எதற்கு? அந்தப் பாதை உன் தலைக்குள் இருக்கிறது. நீ சொல்லு, நான் திருப்புகிறேன்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். சிரிக்கக் கூடாது. ஓட்டப் போவது நான் என்றானதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அந்த நாற்பது குதிரை மேலேயே நினைப்பாக இருக்கிறது. போல்ட் முடுக்குகிற சாமான் போதும் என்றேன் அல்லவா, அது பக்கத்து சீட்டில் இருந்தபோது சொன்னது. அக்கா, சூப்பர்சார்ஜரை மாட்டச் சொல்லு!

உன் டிரைவர்,
வாண்டு

செப்டம்பர் 1

அன்புள்ள வாண்டு,

முடியாது.

நலம் விசாரிக்கும் முன்பே இதை எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கிளட்ச்சை அழுத்தும் கால்தானே அது? அதை முதலில் கவனி.

என்னைக் கேட்காமல் என் பெயரைக் கொடுத்ததற்கு உன் காதைத் திருக வேண்டும். வந்ததும் திருகுகிறேன். ஓட்டுவதைப் பற்றி நீ எழுதியதை இரண்டு நாள் வெயிலில் இரண்டு முறை படித்தேன். சாவியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

சூப்பர்சார்ஜர் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்கிறேன். போன ஞாயிறு தாடியை ஓட்டச் சொல்லி மலை ஏறினேன். இடது சீட்டில் இதுவரை நான் உட்கார்ந்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன், திறந்து வைத்தும் பெரிய லாபம் இல்லை. அப்போதுதான் கேட்டது. நீ அனுப்பிய சைலன்சர் போடும் சத்தம் பாறைப் பக்கம் மோதித் திரும்பி வருகிறது. பள்ளத்துப் பக்கம் போன சத்தம் திரும்பி வருவதில்லை. பாறை முடிந்து சத்தம் விரிந்தால் அடுத்தது வலது வளைவு. இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்தால் கணவாய். மரம் அறுக்கும் இடத்து வாசனைக்குப் பிறகு இரும்புப் பாலம் தடதடக்கும். தடதடப்பு நின்றதும் கொண்டை ஊசி வளைவு. தாடியிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். மேலே போய் நிறுத்திவிட்டு, "அம்மா, நீங்க என்னை ஏமாத்துறீங்க. உங்களுக்குக் கண் தெரியுது" என்றான்.

சூப்பர்சார்ஜர் ஓடும்போது ஒரு சீழ்க்கை அடிக்கும். அந்தச் சீழ்க்கை என் எதிரொலியை விழுங்கிவிடும். எனக்கு உன் சைலன்சர்தான் வேண்டும். போல்ட் முடுக்குகிற சாமானே போதும். முன்பு வேறு மாதிரி எழுதினேன் என்றால், அது வலது சீட்டில் இருந்தபோது எழுதியது.

ஒரு வாரம் முன்னதாக வா. தட்டையான செருப்பு கொண்டு வா. ஓட்டும்போது பேசாதே, பேசுவது என் வேலை.

வழி சொல்லப் போகும்
அக்கா

அக்டோபர் 30

என் அக்காவுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். முழங்கால் வீங்கியிருக்கிறது, மனசும் வீங்கியிருக்கிறது. நீ திருகிய காது மட்டும் நலம்.

"எனக்கு எல்லாம் கேட்டுச்சு. நீ பார்த்ததை எழுதி அனுப்பு" என்று பஸ் ஏறும்போது சொன்னாய். எழுதுகிறேன்.

நம் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மலையில் மூடுபனி இறங்கியது. நீ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "ஏன் எல்லாரும் திடீர்னு அமைதி ஆயிட்டாங்க?" என்று கேட்டாயே, அதுதான் காரணம். நீலியின் மூக்குக்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நமக்கு முன்னால் போன பல் டாக்டரின் பிரேக் விளக்கு மட்டும் முதல் வளைவிலேயே பொட்டு போல எரிந்தது. அணையவே இல்லை. உன்னிடம் சொன்னேன், "அக்கா, பனி. ஒண்ணுமே தெரியல." நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அப்படியா? எனக்கு ஒரு வருஷமா அப்படித்தான். போ."

கொடி இறங்கியது. போனேன். அதற்குப் பிறகு நான் பார்த்தது வெறும் வெள்ளை. உன் குரல்தான் ரோடு. "பாறை... பாறை... விரியுது, வலது, இப்ப!" பாலம் தடதடத்தது. நீ ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு "இடது, முழுசா, முழுசா!" என்று கத்தினாய். ஏழாவது வளைவில் என் கால் பிரேக்குக்குப் போனது. உனக்கு எப்படித் தெரிந்ததோ, "காலை எடுடீ!" என்றாய். எடுத்தேன். வெள்ளைக் கல் என் கதவை ஒட்டி, தொட்டுவிடும் தூரத்தில் போனது. அதை நான் பார்த்தேன், அக்கா. நீ சொன்ன இடத்தில்தான் இருக்கிறது.

மேலே போய் நிறுத்தினேன். நீ ஹெல்மெட்டைக் கழற்றி, முடியைச் சரிசெய்துகொண்டு, "மூணாவது கியர்ல கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணினே" என்றாய். அதுதான் எனக்குக் கிடைத்த பரிசு என்று இவரிடம் சொன்னேன்.

பனிக்கு முன்பே ஏறிவிட்ட ஒரு புதுமணத் தம்பதி முதலிடம். நாம் இரண்டாவது. நான்காவது யார் என்று உனக்கு ஏற்கெனவே ஐந்து தடவை சொல்லிவிட்டேன்; ஆறாவது தடவையும் சந்தோஷமாக எழுதுகிறேன். பல் டாக்டர். பரிசு கொடுக்கும்போது அவர் சிரிக்கவில்லை என்றேன். நீ நம்பவில்லை. போட்டோ அனுப்பியிருக்கிறேன்; கண் வந்ததும் பார்.

ஆபரேஷன் அன்று வருகிறேன். வேண்டாம் என்று எழுதாதே. எழுதினாலும் வருவேன்.

வாண்டு

டிசம்பர் 12

அன்புள்ள வாண்டு,

நலமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். இரண்டாவது கண்ணின் கட்டையும் நேற்று அவிழ்த்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தைச் சாயங்காலம், வீட்டுக்குள், விளக்கு போடாமல் எழுதுகிறேன். தாளில் கோடு இல்லை. ஓரத்தைப் பார், அளந்து வைத்தது போல இருக்கும்.

முதலில் கெட்ட செய்தி. வீடு முழுக்கத் தூசி. ஒட்டடை ஒன்று கூடத்து மூலையில் ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தது; ஒரு வருஷமாக அதற்கடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு கிழவி நின்றாள். நம் அம்மா போல இருந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. சரி, அம்மா அழகிதானே என்று விட்டுவிட்டேன்.

நீலி இவ்வளவு நீலமாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. தாடி அவளுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்துவிட்டானோ என்று சண்டைக்குப் போனேன். இல்லையாம். எப்போதும் இதே நிறம்தானாம்.

போட்டோவைப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அவர் வாய் மூடியிருக்கிறது. ஒரு பல்கூடத் தெரியவில்லை. சட்டம் போட்டு முன் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். நீதிபதி வந்து பார்த்துவிட்டு, "இதுல நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க" என்றார். நான் நம்மைப் பார்க்கவே இல்லை, அப்புறம்தான் பார்த்தேன். நீ கோப்பையைப் பார்க்காமல் நீலியின் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். இந்த முகத்தை நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் யார் எந்த சீட்டில் என்பதை நீ வந்ததும் சண்டை போட்டு முடிவு செய்வோம். சண்டையில் நீ ஜெயித்தால் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டேன். சூப்பர்சார்ஜர் சாப்பாட்டு மேஜையிலேயே இருக்கிறது. அதற்கு எதிரே உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுகிறேன். அதை மாட்டுவதா வேண்டாமா என்பது, நான் எந்த சீட்டில் உட்காருகிறேன் என்பதைப் பொறுத்தது.

பிரேக் பேட் வேண்டாம். இருப்பது போதும்.

ஜூன் மாதம் நீ கேட்டதற்குப் பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. 40711. தாடி கடைசி இலக்கத்தை ஏழு என்கிறான். இல்லை, ஒன்று. அவனைக் கண் டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா